'போஷ்' (posh, ஆடம்பரமான) என்ற ஆங்கிலச் சொல் கப்பல் டிக்கெட்டிலிருந்து வந்ததா?

நீலவானம்:
பம்பாய்க்கு வந்த, பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய கப்பல்களில் பணக்கார வெள்ளைக்காரர்கள், வரும்போது இடப்பக்க அறையும் ஊர் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்குவார்களாம், வெயில் படாதாம். 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் முதல் எழுத்துகளை (P.O.S.H.) டிக்கெட்டில் ஊதா மையில் குத்துவார்களாம், அதுதான் 'போஷ்' ஆனதாம். உண்மையா? ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

கடலோடி:
வெயில் கணக்கு சரிதான். சூயஸ் தாண்டிச் செங்கடலில் தென்கிழக்காக இறங்கும்போது பிற்பகல் வெயில் வலப்பக்கத்தில் அடிக்கும், ஏசி இல்லாத காலத்தில் இரும்புச் சுவர் வாங்கிய சூடு ராத்திரியிலும் லேசில் இறங்காது. அப்புறம் அரபிக்கடலில் கிழக்கே திரும்பினாலும் குளிர்காலச் சூரியன் தெற்கேதான், அதுவும் வலப்பக்கம்.

சொல்வேட்டை:
கடலோடி சொன்ன நிழல் உண்மை, ஆனால் சொல் அங்கே பிறந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த நாலு எழுத்து குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. இந்தக் கதை அச்சில் தெரிய வருவதே 1935-இல், டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட் என்ற லண்டன் இலக்கிய இதழுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்தில். சொல்லோ 1918-லேயே பஞ்ச் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை இதழின் கார்ட்டூனில் ஒரு விமானப்படை அதிகாரி வாயில் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 19-ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சைப் பேச்சில் 'போஷ்' என்றால் சில்லறைக் காசு, அரைப் பென்னி. ஐரோப்பிய நாடோடி மக்களான ரோமாக்களின் ரோமானி மொழியில் 'போஷ்' என்றால் பாதி, அதிலிருந்து வந்தது. 1890 வாக்கில் வந்த கொச்சை அகராதி ஒன்றில் பகட்டாக உடுத்துகிறவன் என்ற பொருளும் இருக்கிறது.

நீலவானம்:
அப்படியானால் காசு, காசுள்ளவன், ஆடம்பரம் என்று வந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

சொல்வேட்டை:
நம்பத் தகுந்த வழி அதுதான், எனக்கும் அதில்தான் சாய்வு. ஆனால் நடுவில் இணைக்கும் கண்ணி அச்சில் கிடைக்காததால் பெரிய அகராதிகள் 'மூலம் தெரியவில்லை' என்றே போடுகின்றன. கப்பல் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் எழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக உச்சரிப்பது முதல் உலகப் போருக்கு முன்னால் மிக அபூர்வம், அதற்கு முந்தைய சொல் எதற்கு இப்படி விளக்கம் வந்தாலும் முதலில் சந்தேகப்படலாம்.