ஃபிரிட்ஜ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத வீட்டில் எதைக் குறைக்கச் சொல்வது?

காரைக்குடி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் பருவநிலை மாற்றம் பாடம். கரியமில வாயு, பனிப்பாறை, கடல்மட்டம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "நாம் எல்லோரும் மின்சாரத்தைக் குறைக்க வேண்டும், பெட்ரோலைக் குறைக்க வேண்டும்" என்று முடித்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்தாள். "டீச்சர், எங்க வீட்ல போன தீபாவளிக்குத்தான் ஃபிரிட்ஜே வாங்குனோம். இப்பத்தான் அம்மா தினமும் மாவாட்டாம இருக்காங்க. நாங்க எதைக் குறைக்கிறது?"

எனக்கு வார்த்தையே வரவில்லை. அவள் அம்மா விருந்துச் சமையலுக்குக் கூலிக்குப் போகிறவர். இரண்டு ஃபேன், மூன்று பல்பு, ஒரு டிவி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவ்வளவுதான் வீடு. அமெரிக்காவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, நம் நாட்டில் ஆளுக்குச் சுமார் 2 டன் என்ற கணக்கு எனக்குத் தெரியும். முதலில் அவர்கள் குறைக்கட்டும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் சித்திரை வெயிலில் முதலில் வேகப்போவது அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருப்பவர்கள்தானே. 2070க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியே விடும் வாயுவும் திரும்ப உறிஞ்சும் வாயுவும் சமம், என்று 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நம் நாடு சொல்லிவிட்டு வந்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். அவளை மறுபடி ஆட்டுக்கல்லுக்கு அனுப்பாமல் ஒரு வளரும் நாடு இதை எப்படிச் செய்யும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.


தேவகோட்டை லைன்மேன் (ஓய்வு) எழுதியது:

டீச்சர், ஃபிரிட்ஜைத் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன ஃபிரிட்ஜ் வருஷத்துக்குச் சுமார் 200 யூனிட் இழுக்கும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு, ஆக 140 கிலோ. குறைக்க வேண்டியது அந்த 200ஐ இல்லை, அந்த 0.7ஐ. அது கம்பிக்கு அந்தப் பக்கம் நடக்க வேண்டிய வேலை.

இதில் பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. 2025இல் நாட்டின் நிறுவுதிறனில் (எல்லா மின்நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு) பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. 2030க்கு வைத்த இலக்கு அது, ஐந்து வருஷம் முன்கூட்டியே தொட்டிருக்கிறோம், பெரிய விஷயம்தான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. வீட்டுக்கு வரும் நாலு யூனிட்டில் ஏறக்குறைய மூன்று இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. காரணம் ரொம்ப எளிது, சூரியத் தகடு பகலில் மட்டும் வேலை செய்யும், காற்றாலை ஆடிக்காற்றில் பிய்த்துக்கொண்டு ஓடும், மார்கழியில் படுத்துவிடும். நமக்குப் பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே லைட்டு, டிவி, ஏசி என்று போடும்போது கமுதியில் இருட்டு. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பயந்தது அந்த ஏழு மணிக்குத்தான்.

அதனால் தகடு வாங்குவதோடு சேர்த்துச் சேமிப்புக்கும் செலவு செய்ய வேண்டும். கோவை மாவட்டத்தில் காடம்பாறை என்று ஒரு நீர்மின்நிலையம், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிட்டு, தட்டுப்பாடு வரும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இந்த மாதிரி இன்னும் நிறைய வேண்டும். அப்புறம் பேட்டரி. அதற்கு நம் ஊரைவிட்டு எங்கேயும் போக வேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், காரைக்குடியிலேயே இருக்கிறது. மின்வேதியியல் என்றால் பேட்டரிதான் அதன் உயிர். அந்தப் பிள்ளைகளை அனுமதி வாங்கி ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிற பிள்ளை பிற்காலத்தில் வேலை பார்க்க வேண்டிய இடம் அது.

கூரைமேல் சோலார் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்தப் பிள்ளை வீட்டு பில் எப்படியும் சொற்பமாகத்தான் வரும், அவர்களுக்குச் சோலாரால் லாபமில்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அந்தப் பாரத்தைத் தாங்கவும் செய்யாது. கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், ஏசி ஓடுகிற மாடி வீடு, இவற்றின் மொட்டைமாடிக்குத்தான் அது முதலில் போக வேண்டும்.

எல்இடி பல்பை நினைத்துப் பாருங்கள். 2014இல் அரசு ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்க வாங்க, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட்டில் எடுத்தோம். யாரையும் இருட்டில் உட்காரச் சொல்லவில்லை. இதையே ஃபேனுக்கும் செய்ய வேண்டும் என்பது என் பல வருஷ ஆசை. பழைய ஃபேன் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட், விலைதான் எட்டாமல் இருக்கிறது.


பள்ளத்தூர் மேஸ்திரி எழுதியது:

மின்வாரிய ஐயா சொன்னது சரிதான். ஆனால் கரண்ட் முழுவதும் சூரியனில் இருந்தே வந்தாலும் போகாத புகை ஒன்று இருக்கிறது டீச்சரம்மா, அது என் தொழிலில் இருக்கிறது. சிமென்ட். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் அடுப்புப் புகை தனி, அந்தக் கல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியே வருவது தனி. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ அப்படியே காற்றில் போய்விடும். எந்த அடுப்பில் சுட்டாலும் போகும்.

நம் மாதிரி நாட்டில் இன்னும் கட்ட வேண்டிய வீடுதான் அதிகம். அந்தப் பிள்ளைக்கும் ஒரு நல்ல வீடு வேண்டும், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதனால் எதை வைத்துக் கட்டுகிறோம் என்பதுதான் பேச்சு. அனல்மின்நிலையச் சாம்பல் 35 சதவீதம் வரை கலந்த சிமென்ட் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது, பூச்சு வேலைக்கு நான் அதைத்தான் வாங்குவேன். இப்போது எல்சி3 என்று ஒரு சிமென்ட் வந்திருக்கிறது. பாதிதான் கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடுக்கும் கட்டி), மீதியில் பெரும்பங்கு பதமாகச் சுட்ட களிமண், கொஞ்சம் சுடாத சுண்ணாம்புக்கல், ஜிப்சம். சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சென்னை ஐஐடி, டெல்லி ஐஐடி எல்லாம் சேர்ந்து வேலை பார்த்தது, 2023இல் இந்தியத் தரச்சான்று வந்துவிட்டது. புகை 40 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். அரசாங்கக் கட்டடங்களுக்கு இதைத்தான் வாங்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தால் கடைக்கும் தானாக வந்துவிடும், எல்இடி பல்பு வந்த மாதிரி.

இதைவிட எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று. போன வருஷம் ஒரு பழைய வீட்டை இடிக்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். பதினெட்டுப் பங்காளி, கையெழுத்து எல்லாம் வாங்கியாச்சு. வளவுச் சுவரில் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) கடப்பாரையைப் போட்டால் உள்ளே இறங்கவில்லை, கை விண்ணென்று தெறிக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்துப் பூசிய பூச்சு, நூறு வருஷத்துக்கு அப்புறமும் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. வெளியே 40 டிகிரி வெயில். நாங்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு அந்த வளவுத் தரையிலேதான் துண்டை விரித்துப் படுத்தோம். முற்றத்து வழியாகச் சூடு மேலே போகிறது, ஃபேன்கூட இல்லை, நல்ல தூக்கம். மூன்று மணிக்கு எழுந்து அதே வீட்டை இடித்தோம். தேக்குத் தூண் எல்லாம் லாரியில் போனது. இப்போது அந்த இடத்தில் காங்கிரீட் வீடு, மூன்று ஏசி. ராத்திரி பதினோரு மணிக்குக்கூடச் சுவரில் கை வைக்க முடியாது. அதற்கப்புறம் இடிக்கிற வேலையை நான் ஏற்பதில்லை.

சுண்ணாம்பும் சூளையில் சுட்டதுதான், அதற்கும் புகை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சுண்ணாம்புச் சுவர் இறுகும்போது காற்றில் இருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லையும் பாருங்கள். கண்ணாடிமேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி, சூளையே கிடையாது. கடையில் வாங்கும் பளபளப்பு டைல்ஸை 1,200 டிகிரிக்குச் சுட வேண்டும். இருக்கிற வீட்டைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதற்கு வங்கிக் கடன் எளிதாகக் கிடைத்தாலே செட்டிநாட்டில் பாதி வீடு தப்பிக்கும்.


கண்மாய்க்கரை விவசாயி எழுதியது:

வயலை யாரும் சொல்லவில்லையே. நெல் வயலில் தண்ணீர் எந்நேரமும் தேங்கி நின்றால் அடியில் காற்று இல்லாமல் மக்கி மீத்தேன் கிளம்பும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். இதற்கு மருந்து நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான். ஒரு அடி நீளக் குழாயில் ஓட்டை போட்டு வயலில் பாதிக்கு மேல் இறக்கிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மீத்தேன் பாதி வரைகூடக் குறையும், விளைச்சல் குறையாது. நான் ஒரு ஏக்கரில் ஆரம்பித்து இப்போது மூன்று ஏக்கரும் அப்படித்தான்.

ஆனால் கண்மாய்ப் பாசனத்தில் இது ஒரு ஆள் முடிவு இல்லை. நீர்பாய்ச்சி (ஊரில் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஆள்) முறை வைத்து மடை திறக்கும்போது விட்டுவிட்டால் அடுத்த முறை தண்ணீர் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் எல்லோரும் வயலை நிரப்பி வைத்துக்கொள்வார்கள். கண்மாயைத் தூர்வாரி, மடையைச் சரிசெய்து, தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தால்தான் வயலைக் காயவிடத் தைரியம் வரும். மீத்தேனைக் குறைக்கிற வேலை எங்கள் ஊரில் மடைக் கதவில் ஆரம்பிக்கிறது.


கானாடுகாத்தான் – கோலாலம்பூர் எழுதியது:

மேஸ்திரி அண்ணே, அந்த வளவில் படுத்துத் தூங்கியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று அப்பச்சிக்கு போன் போட்டேன்.

எல்லோரும் விட்டது வட்டியை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நிலக்கரி ஆலை நடத்துகிறவன் மாதாமாதம் நிலக்கரி வாங்கிப் போட்டால் போதும். சூரிய மின்நிலையத்துக்கு எரிபொருள் செலவே கிடையாது, ஆனால் இருபத்தைந்து வருஷத்து மின்சாரத்துக்கான பணத்தை முதல் நாளே கொட்ட வேண்டும். ஆக விலையைத் தீர்மானிப்பது வெயில் இல்லை, வட்டி. ஜெர்மனியில் நம்மைவிட வெயில் குறைவு, கடன் மலிவு. ஆப்பிரிக்க நாடுகளில் வெயில் கொட்டுகிறது, வட்டி கழுத்தை நெரிக்கிறது. வருஷம் 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில் ஏழை நாடுகளுக்குச் சொன்னது 2020க்குள். அந்தத் தொகை எட்டியதாக அவர்களே கணக்குக் காட்டியது 2022ஆம் ஆண்டுக்குத்தான், அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் வருஷம் 30,000 கோடி டாலர் என்றிருக்கிறார்கள். நம் நாடு இந்த மாநாடுகளில் போய் உட்காரும்போது கேட்க வேண்டியது குறைந்த வட்டியும் கடனுக்கு உத்தரவாதமும்.

பங்களாதேஷில் கம்பி போகாத கிராமங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தவணைக் கடனில் சோலார் போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தான் 2024இல் மட்டும் 17 ஜிகாவாட் அளவுக்குத் தகடு இறக்குமதி செய்தது, மின்கட்டணம் தாங்காமல் ஜனங்களே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். எத்தியோப்பியா பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே 2024இல் நிறுத்திவிட்டது, அங்கே நீர்மின்சாரம் இருக்கிறது, எண்ணெய் வாங்க டாலர் இல்லை. அந்த நாடுகள் எதுவும் பணக்கார நாடு இல்லை டீச்சர், அந்தப் பிள்ளைக்கு இதையும் சொல்லுங்கள்.


காரைக்குடி டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை அவளிடம் ஐயா சொன்ன 200, 0.7 கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். "அப்ப கம்பிக்கு அந்தப் பக்கம் யார் மாத்துவாங்க?" என்றாள். சிக்ரிக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

மேஸ்திரி அண்ணே, ஒரு விஷயம். ஒன்பதாம் வகுப்பு மேல்மாடியில்தான் இருக்கிறது, மேலே வெறும் காங்கிரீட் தளம். பங்குனி பிறந்தாலே பிள்ளைகள் புத்தகத்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், வெள்ளை அடிக்கலாம் என்கிறார். அந்தப் பிள்ளை தன் வீட்டு ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடிக்கலாமா என்று கேட்கிறாள். என்ன வாங்க வேண்டும், எப்படி அடிக்க வேண்டும்?


பள்ளத்தூர் மேஸ்திரி எழுதியது:

அடிக்கலாம் டீச்சரம்மா. முதலில் தளத்தைக் கூட்டி, பாசி இருந்தால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். நீர்த்த சுண்ணாம்பை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமென்டும் பசையும் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கரைந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் காலையில் ஒரு கோட்டு, காய்ந்ததும் குறுக்கே இன்னொரு கோட்டு. வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸை மட்டும் பிள்ளைகள் தேய்க்கவோ மேலே ஏறவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஏறினால் ஷீட்டும் உடையும். கழுவாமல், ஓரத்தில் பலகை போட்டு நான் அடித்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள்.