முயல் மசால் விதைப்பயிர்: களைக்கொல்லி தெளித்தபின் செடி தேறியது, விதை ஏன் குறைந்தது?

கேள்வி:
விதைக்காகவே வளர்த்த முயல் மசாலில் (பயறு வகையைச் சேர்ந்த கால்நடைத் தீவனச் செடி), அகன்ற இலைக் களைகள் மிகுந்துவிட்டதால், விதைத்த 30-ஆம் நாள் இமாசெதாபிர் என்ற களைக்கொல்லியைத் தெளித்தேன். ஒரு வாரத்தில் குருத்திலைகள் வெளிறி மஞ்சளாயின. பிறகு செடிகள் பச்சை கட்டிவிட்டதால் கவலையை விட்டுவிட்டேன். ஆனால், கையால் களையெடுத்த ஓரப் பாத்தியைவிட விதை கண்கூடாகக் குறைந்திருக்கிறது. இலை தேறிய பிறகும் மருந்தின் பாதிப்பு காய்ப்பில் தொடருமா? அடுத்த முறை, களை முளைக்குமுன்பே மண்ணில் தெளிக்கும் பெண்டிமெத்தலினுக்கு மாறினால் சரியாகுமா?

மறுமொழி 1:
தொடரும். வேலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய 3 அமினோ அமிலங்களைச் செடி உருவாக்க உதவும் நொதியை இமாசெதாபிர் முடக்குவதால், அடி முதலில் குருத்தில்தான் தெரியும். பயறு வகைச் செடிகள் பலவும் அம்மருந்தைத் தமக்குள்ளேயே சிதைத்து மீண்டுவிடுகின்றன. இருந்தாலும் அந்த இடைவெளியில் வளர்ச்சி தடைப்பட்டுப் போகிறது. உங்களுடையது பகல்பொழுது குறுகும்போது பூக்கும் வகை என்றால், செடி பெரிதாகட்டும் என்று பூப்பருவம் காத்திருக்காது. கிளை குறைந்த நிலையிலேயே பூவெடுக்கும், பூங்கொத்தும் குறையும். இலையின் நிறத்தைப் பார்த்து விதைப்பயிரை மதிப்பிடுவது பலரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும்: செடியை அறுத்து அடித்தீர்களா, உதிர்ந்ததைத் தரையிலிருந்து கூட்டி எடுத்தீர்களா?

மறுமொழி 2:
பெண்டிமெத்தலினை எல்லோரும் பாதுகாப்பானது என்கிறார்கள். சிறுவிதைப் பயிரில் நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அது மேல்மண்ணில் படலமாகத் தங்கி, முளைக்கும் வேரின் செல் பிரிவைத் தடுக்கிறது. தட்டைப்பயறு போன்ற பெரிய விதையை அந்தப் படலத்துக்குக் கீழே ஊன்றித் தப்பிக்கலாம். முயல் மசால் விதையை 1 செ.மீ. ஆழத்துக்கு மேல் புதைத்தால் முளைப்பே குறையும் என்பதால், அது மருந்துக்குள்ளேயே கிடக்கும். ஐயமிருந்தால் நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: பக்கவேர்கள் குட்டையாகவும் நுனி தடித்தும் இருந்தால் மருந்தின் வேலைதான். புல்வகைக் களை மட்டும் தொல்லை என்றால், குயிசலோஃபாப் போன்ற மருந்து பயறு வகைச் செடிகளைப் பெரும்பாலும் தொடாது.

மறுமொழி 3:
முளைப்புத் திறனையும் சோதியுங்கள். ஆனால் சோதிக்கும் முறையில் கவனம் தேவை. முயல் மசாலின் விதையுறை கடினமானது என்பதால், 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் முக்கி எடுக்காமல் சோதித்தால், நல்ல விதையும் முளைக்காமல் கிடக்கும். பழி மருந்தின்மேல் விழும். அறுவடைக்குமுன் செடியைக் காயவைக்கக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்திருந்தால் கதை வேறு. அது முதிராத விதைக்குள் சென்று முளைப்பையே கெடுக்கக்கூடும்.

கேட்டவரின் மறுமொழி:
கிளைபோசேட் தெளிக்கவில்லை. இரண்டு பாத்திகளையும் ஒரே நாளில் அறுத்துத்தான் அடித்தேன். முதலாமவர் கேட்ட பிறகு, ஒதுக்கி வைத்திருந்த சண்டினை (அடித்து விதை எடுத்தபின் மிஞ்சிய பதரை) புடைத்துப் பார்த்தேன்: தெளித்த பாத்தியின் சண்டில் பச்சை மாறாத, உள்ளே பால் பிடிக்காத காய்கள் நிறைய இருந்தன, ஓரப் பாத்தியின் சண்டில் அவை அரிதாகவே இருந்தன.