14 ரீடுகளை நம்பலாமா? காய்ச்சல் மாதிரிகளில் கிருமியை அடையாளம் காண உதவி தேவை

பாளை ஆய்வு மாணவி:
வணக்கம். பிசான நெல் நடவுக் காலத்தில் அம்பாசமுத்திரம், களக்காடு பகுதிகளிலிருந்து காய்ச்சலோடு வந்து, வழக்கமான சோதனைகளில் காரணம் பிடிபடாத 11 பேரின் இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எதையும் தேர்ந்தெடுக்காமல் முழுவதையும் வரிசையாக்கத்துக்கு (டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் படிப்பதற்கு) அனுப்பினோம். மாதிரிக்கு ஏறத்தாழ 1 கோடி ரீடுகள், அதாவது கருவி படித்த சிறு டி.என்.ஏ. துண்டுகள், வந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மனித டி.என்.ஏ.தான். மீதியை, எந்த ரீடு எந்த உயிரியினுடையது என்று பெயரிடும் கிராக்கன்2 மென்பொருளில், ஒட்டுண்ணிகளும் அடங்கிய 8 ஜி.பி. தரவுத்தளத்தோடு, அமைப்பு எதையும் மாற்றாமல் ஓட்டினேன்.

எல்லா மாதிரிகளிலும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா ஆயிரக்கணக்கிலும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி நூற்றுக்கணக்கிலும் வருகின்றன. மாதிரி 7இல் உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியா 14 ரீடுகளும், மாதிரி 5இல் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா 6 ரீடுகளும் உள்ளன. ஆறை இரைச்சல் என்று தள்ளிவிட்டுப் பதினான்கை மட்டும் மருத்துவரிடம் தெரிவிக்கலாமா?

தச்சநல்லூர் ஆய்வகத்தார்:
அதற்கு முன்பு ஒன்று கேட்கிறேன்: இரத்தத்துக்குப் பதில் வெறும் நீரை வைத்து, பிரித்தெடுக்கும் முதல் படியிலிருந்தே எல்லா வேலைகளையும் செய்த குழாய் ஒன்று உண்டா? ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் போன்றவை பிரித்தெடுக்கும் கிட்டிலும் நீரிலுமே இருக்கக்கூடியவை; 2014இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதப்பட்டுவிட்டது. மாதிரியில் டி.என்.ஏ. குறையக் குறைய இவற்றின் பங்கு கூடும் என்பதும் ஓர் அடையாளம்.

டாக்சோபிளாஸ்மாவைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒட்டுண்ணிகளின் மரபணுத்தொகுதிப் பதிவுகள் சிலவற்றில் மனித டி.என்.ஏ. துண்டுகள் தவறுதலாகக் கலந்துள்ளன. அந்த ரீடுகளில் இருபதை எடுத்து, பொதுத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மனிதனாகவே வரும். மனித டி.என்.ஏ.வை நீக்கும்போது, 2022இல் வெளியான, டி2டி எனப்படும் முழுமையான மனித மரபணுத்தொகுதியைப் பயன்படுத்துங்கள். பழைய தொகுதியில் விடுபட்டிருந்த ஏறத்தாழ 20 கோடி எழுத்துகள் அதில் உள்ளன. வேறு கிருமிகளின் பெயரில் ஒதுங்கும் ரீடுகளில் பல அந்த இடத்திலிருந்து வருபவை.

கணினி அக்கா:
கிராக்கன்2இன் நம்பக எல்லை, நாம் மாற்றாதவரை பூஜ்யம்தான். ஒரு ரீடின் ஓரிரு சிறு துண்டுகள் பொருந்தினாலும் அது பெயர் சூட்டிவிடும். அதை 0.1க்கு உயர்த்துங்கள். 8 ஜி.பி. தரவுத்தளமும் இடத்துக்காகத் துண்டுகளை உதிர்த்துச் சுருக்கியதுதான். முடிந்தால் முழுத் தரவுத்தளத்தில் ஓட்டுங்கள்.

பிறகு 14 ரீடுகளையும் ஓரியன்ஷியாவின் தொகுதிமேல் பொருத்தி, அவை எங்கெங்கே விழுகின்றன என்று பாருங்கள். எல்லாம் ஓரிடத்தில் குவிந்தால், பல பாக்டீரியாக்களுக்குப் பொதுவான பகுதியாக இருக்கலாம். சிதறி விழுந்தால் அந்தக் கிருமியின் டி.என்.ஏ. உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஓர் எச்சரிக்கை: அதன் தொகுதி சுமார் 20 இலட்சம் எழுத்துகள்தான் என்றாலும் ஏறத்தாழப் பாதி, திரும்பத் திரும்ப வரும் பகுதி. எனவே ஒரு ரீடு பல இடங்களில் ஒரேபோலப் பொருந்தி, பொருத்தத் தரம் பூஜ்யம் என்று வருவதற்காக அதைக் கழித்துவிடாதீர்கள்.

பாளை ஆய்வு மாணவி:
நன்றி அக்கா. அண்ணாச்சி சொன்ன நீர்க்குழாயைச் செலவு கருதி விட்டுவிட்டோம், தவறுதான். எல்லையை உயர்த்தியதும் டாக்சோபிளாஸ்மா ஏறக்குறைய மறைந்தது. ஓரியன்ஷியா 14உம் பதினான்கு வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. லெப்டோஸ்பைரா 5 மிஞ்சி, அவையும் சிதறியே விழுகின்றன. அப்படியானால் மாதிரி 7 உண்ணிக் காய்ச்சல்தானே?

தச்சநல்லூர் ஆய்வகத்தார்:
பொறுங்கள். அதே ஓட்டத்தில் ஓரியன்ஷியா டி.என்.ஏ. நிறைய உள்ள வேறு குழாய் ஏதாவது இருந்ததா?

பாளை ஆய்வு மாணவி:
இருந்தது. வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க, வளர்ப்பிலிருந்து எடுத்த ஓரியன்ஷியா டி.என்.ஏ.வைக் கலந்த பாசிட்டிவ் கன்ட்ரோல் பன்னிரண்டாவது குழாய். அதில் 41,000 ரீடுகள் வந்தன.

தச்சநல்லூர் ஆய்வகத்தார்:
அங்கேதான் ஓட்டை. எல்லா மாதிரிகளையும் ஒன்றாகக் கலந்து ஓட்டும்போது, ஒரு குழாயின் இண்டெக்ஸ் (எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று காட்ட, துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குறியீடு) மற்றொன்றின் துண்டில் ஏறிக்கொள்வது உண்டு. 41,000இல் 14 தாவுவது பெரிய செய்தியே அல்ல. தாவி வந்த ரீடுகளும் தொகுதி முழுவதும் சிதறித்தான் விழும். அக்கா சொன்ன சோதனை சரியானது, ஆனால் இந்தத் தவறை அது பிடிக்காது. மாதிரி 7உம் கன்ட்ரோலும் இண்டெக்ஸ் ஒன்றைப் பகிர்கின்றனவா, பகிரும் பிற மாதிரிகளிலும் ஓரியன்ஷியா தலைகாட்டுகிறதா, அந்த 14 துண்டுகளின் தொடக்கமும் முடிவும் கன்ட்ரோலில் உள்ள துண்டுகளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

இதற்கிடையே மருத்துவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். முதல் வாரத்தில் எலைசா (இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை) நெகட்டிவாக வருவது இயல்பு என்பதால், உடலில் உண்ணி கடித்த கருந்தழும்பு உண்டா என்று பார்த்து, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை அவரே முடிவு செய்வார். நம் வரிசையாக்கத்துக்காக அது நிற்கக் கூடாது. டெங்கு ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் உங்கள் டி.என்.ஏ. ஓட்டத்தில் அது வராது என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

பாளை ஆய்வு மாணவி (மூன்று வாரம் கழித்து):
கன்ட்ரோலோடு ஓர் இண்டெக்ஸைப் பகிர்ந்த மற்ற மூன்று மாதிரிகளிலும் ஓரியன்ஷியா 9, 11, 16 என்று இருந்தது. மாதிரி 7ஐ மட்டுமே பார்த்துக்கொண்டு நான் அவற்றைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். மாதிரி 7இன் 14 துண்டுகளில் 9, கன்ட்ரோலில் உள்ளவற்றோடு இரு முனைகளிலும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒத்தன. அதில் மீதமிருந்த டி.என்.ஏ.வில் ஓரியன்ஷியாவின் 56 கிலோடால்டன் புரத மரபணுவுக்கான பி.சி.ஆர். நெகட்டிவ்.

அதே கிட்டில் நீரை வைத்து ஓட்டிய குழாயில் ரால்ஸ்டோனியா வந்தது, லெப்டோஸ்பைரா வரவில்லை. ஓட்டத்தில் அதற்கு வேறு ஊற்றும் இல்லை. நோய் உண்டாக்கும் லெப்டோஸ்பைராக்களில் மட்டும் காணப்படும் லிப்எல்32 மரபணுவுக்கு மாதிரி 5இல் பி.சி.ஆர். பாசிட்டிவ். நான் தள்ளிவிட நினைத்த ஆறுதான் உண்மை. அவர் சேற்று வயலில் நாற்று நடுபவர் என்பதை விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

கணினி அக்கா:
அடுத்த ஓட்டத்தில் எந்த இரு குழாய்களும் பகிராத தனித்த இரட்டை இண்டெக்ஸ்களை வாங்குங்கள். கன்ட்ரோலில் ஓரியன்ஷியாவுக்குப் பதில், இப்பகுதி நோயாளிகளிடம் எதிர்பார்க்க முடியாத கிருமியைக் குறைந்த அளவில் போடுங்கள்.