கராஜ் கூரையில் பனி: ஏறித் தள்ளலாமா?

கேள்வி (ஸ்கார்பரோ): கராஜின் தட்டைக் கூரையில் முழங்கால் அளவு பனி. நேற்று அதன்மேல் மழை வேறு. இன்று பக்கக் கதவு இறுகி மூட மறுக்கிறது. "30 வருசமா நின்ற கூரைதானே" என்கிறார் மாமா. ஏறித் தள்ளலாமா?

பதில்: ஏறாதீர்கள்! கதவு இறுகினால் மேலே ஏதோ வளைகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். காரை மறந்துவிடுங்கள், உள்ளே யாரும் போகவேண்டாம். புதுப் பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ. மழை குடித்தால் 300ஐத் தாண்டும்.

பதில்: மாமாவுக்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் விளையாட்டு அரங்கின் கதையைச் சொல்லுங்கள். 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச் சுமை தாங்காமல் கூரை அப்படியே விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் சுமார் 5,000 பேர் கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டும்போதே கணக்கைவிட இருமடங்கு தொய்வு, யாரும் பொருட்படுத்தவில்லை.

கேட்டவர்: சரி, ஏணியை ஒளித்துவிட்டேன். பொறியாளர் மதியம் வருகிறார். மாமாதான் முறைக்கிறார்.