பழைய காருக்கு எந்தக் குளிர்கால ரயர்?

கேள்வி:
மொன்றியலில் 2009ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்றை ஓட்டுகிறேன். இன்னும் ஓரிரு ஆண்டுகளே பாவிக்க எண்ணியிருப்பதால், நான்கு புதிய குளிர்கால ரயர்கள் வாங்குவதா, பாவித்தவற்றை வாங்குவதா, முன்சில்லுகளுக்கு மட்டும் புதியன போடுவதா என்று அறிந்தவர்கள் கூறுங்கள்.

மறுமொழி 1:
இரண்டு மட்டும் போடும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்குமே குளிர்கால ரயர்களாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைவிட முக்கியமாக, வளைவில் பிரேக் பிடிக்கும்போது முன்சில்லுகள் தரையைப் பற்ற, பின்சில்லுகள் வழுக்கிக் கார் சுழன்றுவிடும். அதைத் தடுக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு 2011 செப்டம்பர் முதல் தயாரான கார்களுக்கே கனடாவில் கட்டாயமானது. உங்கள் காரில் அது இல்லாமலும் இருக்கலாம்.

மறுமொழி 2:
பாவித்தவை நல்லவையாகவும் கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்கவேண்டும். ரயரின் பக்கச்சுவரில், குளிர்கால ரயர் என்பதைக் காட்டும் மலையும் பனித்துகளும் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 3518 என்றிருந்தால், 2018இன் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 7 பாகை செல்சியசுக்குக் கீழும் இறுகாத இரப்பரே இவற்றின் பலம்; அது நாளடைவில் இறுகிவிடும் என்பதால், ரயரின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் பழையதை நான் வாங்கமாட்டேன். பள்ளம் 4 மில்லிமீற்றரை நெருங்கியதையும் வாங்கவேண்டாம்.

மறுமொழி 3:
இரும்பு றிம்மோடு சேர்த்து வாங்கினால் பருவந்தோறும் ரயரை றிம்மிலிருந்து கழற்றிப் பூட்டும் கூலி மிஞ்சும். ரயர் அளவை ஓட்டுநர் கதவோரத்து ஒட்டியில் பாருங்கள். பூட்டியபின் நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கவும்.