புதுப்பிப்பு: எல்லை தாண்டி எம்ஜிபி வாங்கும் முடிவு என்னவாயிற்று

உள்நாட்டில் கிடைக்கும் எம்ஜிபி ரோட்ஸ்டரை (திறந்த கூரையுள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்குவதா, அண்டை நாட்டில் விலை குறைவாக இருக்கும் இன்னொன்றை வரவழைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு, உள்நாட்டு வண்டியையே வாங்கிவிட்டேன்.

எல்லைக்கு அப்பாலிருந்த வண்டியின் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஆனால், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் துணி சுற்றிய சிறு காந்தத்தை வைத்து நகர்த்தியபோது, பின்சக்கரத்தை நெருங்கும் இடத்தில் அது ஒட்டாமல் கீழே விழுந்தது. உள்ளே தகடு இருக்க வேண்டிய இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருந்தார்கள். தனிச் சட்டகம் இல்லாத இந்த வண்டியில் உடலின் பலமே சில் பகுதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது என்பதால், ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னேன். கதவின் மேற்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி கண்ணெதிரே சுருங்கியது; சில் வலுவிழந்து உடல் வளைகிறது என்று அர்த்தம். மனம் கனத்துப்போனது. சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழும் ஒத்திருந்தாலும், சுங்கவரி, போக்குவரத்து, மறுபதிவு ஆகியவற்றோடு வெல்டிங் செலவையும் கூட்டினால் விலை வித்தியாசம் மிஞ்சாது.

நான் வாங்கியது 1974-க்கு முந்தைய குரோம் பம்பர் வண்டி. இருக்கைத் துணி கிழிந்திருக்கிறது, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் சமப்படுத்த வேண்டும். தகடு மட்டும் திடமாக இருக்கிறது. முன்பு கேட்டபோது காந்தம் கொண்டு போகச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.