நாமா, நாங்களா: தென் அமெரிக்காவில் மொழி தடுக்கும் இடங்கள்

ஸ்பானிஷ் ஓரளவு வந்துவிட்டால் பிரேசிலிலும் சமாளித்துவிடலாம் என்று பலர் நம்பிக் கிளம்புகிறார்கள். ஆனால் அங்கே பேசுவது போர்ச்சுகீஸ். அதைக் கண்ணால் படித்தால் நிறையப் புரியும், காதால் கேட்டால் புரியாது. ஸ்பானிஷில் உயிரொலி ஐந்துதான். போர்ச்சுகீஸில் அதற்கு மேலும் உண்டு, மூக்கால் ஒலிக்கும் உயிர்கள் வேறு. போதாததற்கு, பிரேசிலில் பெரும்பாலான ஊர்களில் சொல்லின் முதலில் வரும் 'ர', 'ஹ' ஆகிவிடும். கடைசி 'ல்', 'உ' ஆகும். ரெசிஃபே நகரத்தை அங்கே 'ஹெசிஃபி' என்பார்கள். பால் எழுத்தில் 'லெய்தே', கடையில் 'லெய்ச்சி'.

அதிகம் தடுமாற வைப்பது படிவம். ஸ்பானிஷில் 'அபெயீடோ' என்றால் குடும்பப் பெயர். போர்ச்சுகீஸில் 'அபெலீடு' என்றால் செல்லப் பெயர். குடும்பப் பெயருக்குப் போர்ச்சுகீஸில் 'சோப்ரிநோமி'. ஆனால் ஸ்பானிஷில் 'சோப்ரெநோம்ப்ரே' என்றால் பட்டப்பெயர்! இரண்டும் அப்படியே இடம் மாறிக் கிடக்கின்றன. ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளில் குடும்பப் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கும், முதலில் அப்பா வழி, அடுத்து அம்மா வழி. அதைப் பார்த்து அம்மா பெயரை எழுதிவிடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. பாஸ்போர்ட்டில் உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

பஸ் அட்டவணையையும் கவனியுங்கள். போர்ச்சுகீஸில் திங்கட்கிழமைக்கு 'இரண்டாவது' என்று பெயர், வெள்ளி 'ஆறாவது'. பலகையில் '2 முதல் 6 வரை' என்றிருந்தால் அது திங்கள் முதல் வெள்ளி. மணி என்று எடுத்துக்கொண்டால் பஸ் போய்விடும். போன் நம்பர் சொல்லும்போது ஆறுக்கு 'செய்ஸ்' என்னாமல் 'மெய்யா' என்பார்கள். அரை டஜன் என்பதிலிருந்து வந்தது. மூன்றுக்கான 'த்ரேஸ்' போலக் காதில் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

*

மேலே சொன்னது சரி. ஆனால் ஸ்பானிஷும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. புவனோஸ் ஐரிஸில் 'நீ'க்கு 'தூ' கிடையாது, 'வோஸ்'தான். வினைமுற்றும் மாறும். தெருவுக்கான 'காயே' அங்கே 'காஷே'. போகோட்டாவில் நெருங்கிய நண்பர்கள்கூட 'உஸ்தேத்' என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். விலகி நிற்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டாக்ஸி பிடிக்க 'கொஹேர்' என்ற சொல் கொலம்பியாவில் சாதாரணம், அர்ஜென்டினாவில் கெட்ட வார்த்தை. எங்கே போனாலும் 'தொமார்' என்று சொல்லிப் பழகிக்கொள்வது நல்லது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்று நாக்கு அதிர்ந்தால் நாய். நாகர்கோவில் பக்கம் ர, ற வேறுபாட்டைக் காப்பாற்றிப் பேசுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

*

ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் இரண்டையும் தாண்டியும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் தமிழ் உதவுகிறது. பொலிவியாவின் 2009 அரசியல் சட்டம் ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழியாக ஏற்றிருக்கிறது. பராகுவேயில் 1992 முதல் பூர்வகுடி மொழியான குவாரானியும் ஆட்சிமொழி.

ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேசும் கெச்சுவா நம் மொழிக்கு உறவில்லை, ஆனால் கட்டுமானம் வியக்க வைக்கும். வினை கடைசியில் வரும். 'வாசி' வீடு, 'குனா' கள், 'பி' இல். 'வாசிகுனாபி' என்றால் வீடுகளில், ஒட்டுக்கு ஒட்டு அதே வரிசை. தான் பார்க்காமல் கேள்விப்பட்டதைச் சொல்ல 'சி' என்று ஓர் ஒட்டு உண்டு. நம் 'வந்தானாம்' என்பதில் உள்ள 'ஆம்' செய்கிற வேலை. ஆண்டிஸ் மலைப்பகுதி ஸ்பானிஷில் வாக்கிய முடிவில் 'தீசே' என்று ஒட்டிக்கொண்டே போவது இந்தப் பழக்கத்தால்தான். அதை 'அவர் சொல்கிறார்' என்று மொழிபெயர்த்தால், யார் சொன்னது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஸ்பானிஷில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'நோசோத்ரோஸ்' ஒன்றே. கெச்சுவாவின் பல வழக்குகளில் 'நாம்' என்றால் 'ஞொகஞ்சிக்', 'நாங்கள்' என்றால் 'ஞொகய்கு'. குவாரானியில் முறையே 'ஞாந்தே', 'ஓரே'. ஸ்பானிஷ் வழியாகப் படிப்பவர்கள் இதில் நாள்கணக்கில் திணறுவார்கள். தமிழில் யோசித்துவிட்டு நேராகப் போட்டால் போதும்.

ஆனால் கெச்சுவா ஒரே மொழி என்று நம்பிவிட வேண்டாம். பெரு நாட்டின் குஸ்கோ வழக்கில் 'தந்தா' மூன்று விதம்: சாதாரணமாகச் சொன்னால் கூட்டம், மூச்சு விட்டுச் சொன்னால் கந்தல், தொண்டையை அடைத்து வெடிக்கச் சொன்னால் ரொட்டி. அதே நாட்டின் ஆயகுச்சோவில் இந்த வேறுபாடே இல்லை. படிக்கும் புத்தகம் எந்த ஊர் வழக்கு என்று முதலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குவாரானி பேசும் சந்தையில் விலை கேட்கப் பயம் வேண்டாம். பேச்சு முழுக்கக் குவாரானியாக இருந்தாலும் எண் வந்தால் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான் வரும்.